மேல்கோடு வரை

டென்சில் எதையும் மேல்கோட்டிலிருந்து தொடங்குபவர். லிங்கராஜபுரத்து வீட்டில் குடிநீர்க் குடம் கழுத்துவரை நிறைந்திருக்க வேண்டும்; ஸ்கூட்டரில் பெட்ரோல் முக்கால் தொட்டிக்குக் கீழே இறங்கிவிட்டால் அவருக்கு வண்டியை எடுக்கவே மனம் வராது. அவருடைய மனைவி நோரா, "இவரு செத்தாக்கூட ஃபுல் டேங்க் போட்டுட்டுதான் சாவாரு" என்று உறவினர் முன்னிலையில் கேலி செய்வார். டென்சில் கோபித்துக்கொள்வதில்லை. பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும்.

விமான இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் சோதனை மேடையில் அவர் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தார். அங்கே ஒரு நியதி இருந்தது. ஓர் இயந்திரம் மணிக்கு எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று அளக்க வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்திலிருந்து அளக்கத் தொடங்க வேண்டும். அந்த ஒரே இடம், எண்ணெய்க்குள் நிற்கும் அளவுக்கோலின் மேல்கோடு. மேல்கோடுவரை ஊற்று, ஒரு மணி நேரம் ஓட்டு, கோலை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார், எழுது. மறுநாள் மறுபடி மேல்கோடுவரை ஊற்று. பணி ஓய்வு நாளில் அவருக்குச் சந்தனமாலை போட்டவர்களுள் ஒருவர், "டென்சில் சார் எழுதின எண்ணை யாரும் திருப்பிச் சரிபார்த்ததில்லை" என்று மேடையில் சொன்னார். அது உண்மையும்கூட.

ஓய்வுபெற்ற மறுவருடம் அவர் தாமாகவே ஒரு விமானம் கட்டத் தொடங்கினார். இளமையிலேயே விமானக் கிளப்பில் சேர்ந்து ஓட்டக் கற்று உரிமம் வாங்கி வைத்திருந்தார். கட்ட வேண்டும் என்ற ஆசைக்கு மட்டும் அதுவரை நாள் கிடைத்ததில்லை. இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சிறிய அலுமினிய விமானம். வரைபடங்களை வெளிநாட்டிலிருந்து தருவித்துக்கொண்டார். தகடு அடிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. சிவாஜிநகரில் நசுங்கிய கார்களை நேராக்கும் டிங்கர் பட்டறை வைத்திருந்து, அதை மூடிவிட்டு ஹெப்பகோடியில் சொந்த வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருந்த இராஜமாணிக்கத்தை யாரோ சொன்னார்கள். டென்சில் போய்ப் பார்த்தார்.

"சார், நான் அம்பாஸடர்லருந்து இன்னோவா வரைக்கும் எல்லாம் தட்டியிருக்கேன். பறக்கறத மட்டும் தட்டினதில்ல" என்றார் இராஜமாணிக்கம்.

"தட்டிப் பாக்கறியா?"

"தட்டறேன். ஆனா ஒண்ணு சார். கடைசில என்னையும் ஒரு ரவுண்டு ஏத்திக்கணும். நான் இதுவரைக்கும் பிளேன்ல ஏறினதே இல்ல."

டென்சில் கை நீட்டினார். அதுதான் ஒப்பந்தம். அவ்வளவுதான் கூலி என்று பிறகு இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

பதினோரு ஆண்டுகள் ஆயின. தகடுகளைச் சேர்க்கும் ரிவெட் ஆணி அடிப்பது ஒருவர் செய்யும் வேலையன்று. ஒருவர் தகட்டின் இந்தப் பக்கம் நின்று காற்றுத்துப்பாக்கியால் அடிக்க வேண்டும். மற்றவர் அந்தப் பக்கம் இரும்புக்கட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுவில் தகடு, முகம் தெரியாது, சத்தத்தில் பேச்சும் கேட்காது. ஆகவே கட்டை பிடிப்பவர் தகட்டில் தட்டிச் சொல்வார். ஒரு தட்டு என்றால் சரியாக அமர்ந்துவிட்டது; இரண்டு தட்டு என்றால் இன்னொரு முறை அடி. பன்னிரண்டாயிரம் ரிவெட்டுக்கு மேல் அவர்கள் இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். பேச்சு நின்றதும் இராஜமாணிக்கத்தின் மனைவி மரகதம் காபியோடு வந்து நிற்பார். மரகதம் வீட்டிலேயே தையல் வைத்திருந்தார். விமானத்தின் இரண்டு இருக்கைகளுக்கும் மெத்தை தைத்தவர் அவர்தாம். வலப்பக்க இருக்கைக்குத் தம் கணவரை நாற்காலியில் உட்காரவைத்து டேப்பால் முதுகையும் தொடையையும் அளந்தார். "கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ அளவு எடுக்கல" என்று இராஜமாணிக்கம் நெளிந்தார்.

விமானம் ஆனேக்கலுக்கு அப்பால் இருந்த ஒரு தனியார் ஓடுதளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அனுமதிகள் ஒவ்வொன்றாக வந்தன. டென்சில் தனியாக ஏறிப் பறந்தார். இறங்கியதும் இராஜமாணிக்கம் ஓடிவந்து விமானத்தின் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், என்னா இது, பஜ்ஜி சட்டி மாதிரி இருக்கு" என்றார்.

வயிற்றுத் தகடு முழுவதும், மூக்கிலிருந்து வால்வரை, கறுப்பாக எண்ணெய் வழிந்திருந்தது.

*

விதிக்கப்பட்ட சோதனை மணிகள் அத்தனையையும் டென்சில் தனியாகவே பறந்து முடித்தார். காகிதப்படி இரண்டாவது ஆளை ஏற்றிக்கொள்ளத் தடையில்லை. ஆனால் டென்சிலிடம் ஒரு தடை இருந்தது. எண்ணெய் மணிக்குக் கால் அளவுக்கு மேல் குறையும் இயந்திரத்தின் பின்னால் இன்னோர் உயிரை உட்காரவைப்பதில்லை என்று அவர் தீர்மானித்திருந்தார். அளவு என்பது அந்த அமெரிக்க இயந்திரத்தின் குவார்ட் கணக்கு. ஒன்று ஏறக்குறைய ஒரு லிட்டர். கோலின் மேல்கோடு எட்டு; கீழ்க்கோடு நான்கு. ஒவ்வொரு பறத்தலுக்கு முன்னும் எட்டுவரை ஊற்றினார். ஒரு மணி நேரம் பறந்து இறங்கியபின் ஆறரை காட்டும். ஒன்றரைக் குவார்ட் எங்கே போகிறது?

அந்த ஐப்பசியில் இராஜமாணிக்கத்துக்கு வயிறு வலித்தது. முதலில் வாயு என்றார், பிறகு முதுகும் வலித்தது, ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் கட்டி. ஆறு மாதம், நன்றாக இருந்தால் எட்டு என்று மருத்துவர் சொன்னதை மரகதம் தொலைபேசியில் டென்சிலிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "அண்ணா, அவருக்கு ஒரே ஒரு ஆசதான். உங்களுக்கே தெரியும்" என்றார்.

அன்றிலிருந்து டென்சில் வேறு எதையும் நினைக்கவில்லை. எண்ணெய் நிற்க வேண்டும். மாணிக்கம் போவதற்குள் நிற்க வேண்டும்.

ஒழுங்காகத் தேடினார். இயந்திரத்தைக் கழுவிக் காயவைத்து, மேலெல்லாம் முகப்பவுடரைத் தூவி, ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினார். கசிவு இருந்தால் வெள்ளைப் பவுடரில் கறுப்புக் கோடு தெரியும். இரண்டு டப்பா பவுடர் காணாமல்போனதை நோரா கண்டுபிடித்தார்.

"கல்யாணமாகி நாப்பது வருஷத்துல எனக்கு ஒரு டப்பா வாங்கியாந்து குடுத்ததில்ல. இன்ஜினுக்கு ரெண்டு டப்பா!"

"அது அழுவாது நோரா. கசியுதான்னு பாக்கணும்."

"எனக்கும்தான் கசியுது" என்று சொல்லிவிட்டு நோரா கண்ணைத் துடைத்துக்கொண்டார். இராஜமாணிக்கத்தை நினைத்துத்தான்.

பவுடரில் ஓரிடத்தில் மெல்லிய கோடு தெரிந்தது. அங்கே இருந்த மூடியின், கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றினார். மூன்று வாரம் போயிற்று. ஆறரை. சிலிண்டர்களின் அழுத்தத்தைச் சோதித்தார். நான்கும் நல்லபடியாக இருந்தன. இயந்திரத்தின் உட்புறம் சேரும் ஆவியை வெளியே விட ஒரு குழாய் உண்டு. மெக்கானிக்குகள் அதை பிரீதர் என்பார்கள். எண்ணெய் அதன் வாய் வழியாகத்தான் போகிறது என்று இப்போது தெரிந்தது. காற்று உறிஞ்சாத இடத்துக்கு அதன் வாயைத் திருப்பினார். நுனியைச் சாய்வாக வெட்டினார். ஆறே முக்கால். முன்னேற்றம்தான், போதாது.

அப்போதெல்லாம் இராஜமாணிக்கம் பஸ் ஏறியே ஓடுதளத்துக்கு வருவார். வேலை செய்ய உடம்பில் வலு இல்லை; ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் டென்சில் எட்டாம் கோடுவரை சொட்டுச் சொட்டாக ஊற்றுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சார், எங்கிட்ட ஒரு பழைய மெட்டடோர் வேன் இருந்துச்சி. மேல வரைக்கும் ஊத்தினா துப்பிடும். துப்பித் துப்பி அதுக்கு எவ்ளோ வேணுமோ அங்க வந்து நிக்கும். அப்பறம் கம்முனு ஓடும். நான் ஊத்தறதையே வுட்டுட்டேன். நீங்களும் ஒரு வாட்டி ஊத்தாம பாருங்களேன்."

"வேன் நின்னுபோனா ரோட்டோரம் தள்ளி நிறுத்திட்டு டீ குடிக்கலாம் மாணிக்கம். இத எங்க ஓரங்கட்டறது?"

இராஜமாணிக்கம் சிரித்தார். "அதுவும் சரிதான் குரு" என்றார். அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. படித்தவர், சோதனை மேடையில் முப்பத்தாறு வருடம் நின்றவர், அவருக்குத் தெரியாதா என்ற நினைப்பு. டென்சிலுக்கும் அதே நினைப்புத்தான்.

அடுத்த வாரம் இராஜமாணிக்கம் ஒரு துணிப்பையோடு வந்தார். பைக்குள் மரகதத்தின் எவர்சில்வர் காபி ஃபில்டர். மேலடுக்கில் பாத்திரம் தேய்க்கும் கம்பிநார் அடைத்திருந்தது. பக்கவாட்டில் ஒரு குழாயும் அடியில் ஒரு குழாயும் அவரே பற்றவைத்திருந்தார். பிரீதர் வழியாக வரும் ஆவியை அதனுள் விட்டால், எண்ணெய் கம்பிநாரில் படிந்து அடியில் சொட்டும். காற்று மட்டும் வெளியே போகும்.

"அவ ஃபில்டர்ல கை வெச்சிட்டேன் சார். வீட்ல மூணு நாளா வெறும் டீ."

பற்றவைத்த இடங்கள் கோணலாக இருந்தன. அந்தக் கைகள் அதற்கு முன் ஒரு கோணல் வைத்ததில்லை. டென்சில் அதைக் கவனித்தார். ஃபில்டரை இயந்திரத்தின் பின்சுவரில் பொருத்தினார். வயிற்றுத் தகட்டில் கறுப்பு குறைந்தது. ஆனால் கோல் ஏழைத் தாண்டவில்லை. மணிக்கு ஒன்று. கால் அன்று, ஒன்று.

*

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து நேரே ஓடுதளத்துக்கு வந்த டென்சில் ஒன்றரை மணி நேரம் பறந்து இறங்கியபோது விமானக் கொட்டகை வாசலில் ஓர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. மரகதம் கைபிடித்து இறக்க, இராஜமாணிக்கம் இறங்கினார். தேய்த்த சட்டை, கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார். சட்டைக்குள் அவர் இருக்கிறாரா என்று தேட வேண்டியிருந்தது. மரகதத்தின் கக்கத்தில் ஒரு புதிய மெத்தை. மெலிந்துபோன ஆள் உட்கார்ந்தால் முகப்புக்கு மேல் பார்வை எட்டாது என்று அவர் இன்னொன்று தைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"இன்னிக்கு எப்படி சார்?"

டென்சில் கோலை உருவினார், துடைத்தார், விட்டு எடுத்தார். மூவரும் பார்த்தார்கள். ஆறரை. இப்போதும் மணிக்கு ஒன்று.

"இன்னும் சரியாகல மாணிக்கம்."

"ஒரு ரவுண்டு எத்தன நிமிஷம் சார்?"

"பன்னெண்டு."

"பன்னெண்டு நிமிஷத்துல எவ்ளோ எண்ண போயிடப்போவுது?"

"எவ்ளோ போகும்னு தெரிஞ்சா ஏத்திடுவேன். ஏன் போவுதுன்னே தெரியல. தெரியாத ஒண்ண நம்பி உன்ன மேல கூட்டிட்டுப் போகமாட்டேன்."

"அண்ணா, அவரு இனிமே..." என்று மரகதம் தொடங்கினார். இராஜமாணிக்கம் அவர் கையை அழுத்தினார்.

"வுடு மரகதம். அவரு கணக்கு அவருக்கு. எனக்கு இருக்கறதே நாலு நாளு, அத எண்ணெயில வழுக்கி வுழுந்தா போக்கடிக்கறது?" என்று சிரித்தார். பிறகு டென்சிலைப் பார்த்து, "சும்மா உக்காரவாவது வெப்பீங்களா?" என்றார்.

உட்காரவைத்தார்கள். புது மெத்தை சரியாக இருந்தது. டென்சில் பெல்ட்டை மாட்டிவிட்டு, இடப்பக்கம் ஏறி, இயந்திரத்தை முடுக்கினார். விமானம் ஓடுதளத்தின் கோடிவரை உருண்டு போயிற்று. இருபக்கமும் காய்ந்த ராகித் தாள். தூரத்தில் யூகலிப்டஸ் வரிசை. கோடியில் திரும்பி நின்றார்கள். எதிரே முழு ஓடுதளமும் வெறுமையாகக் கிடந்தது. காற்றும் நேர் எதிரே. வேகக் கைப்பிடியை முழுக்க முன்னால் தள்ளினால் இருபது விநாடியில் தரை விட்டுவிடும்.

இயந்திர இரைச்சலில் பேச முடியாது. இராஜமாணிக்கம் தம் பக்கத்துத் தகட்டை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினார்.

டென்சிலுக்கு அது கேட்டது. அவருடைய வலக்கை கைப்பிடிமேல்தான் இருந்தது. அரை நிமிடம் அப்படியே இருந்தார். பிறகு மெதுவாக உருட்டியே கொட்டகைக்குத் திரும்பினார்.

இறங்கும்போது இராஜமாணிக்கம், "வண்டி நல்லா உருளுது சார். அலைன்மென்ட் கரெக்டா இருக்கு" என்றார்.

மார்ச் இரண்டாம் வாரம் மருத்துவமனையில் அவர் இறந்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு டென்சில் போனபோது பேச்சு இல்லை. கண் மட்டும் திறந்தது. "இந்த வாரம் இன்னொரு ஐடியா இருக்கு மாணிக்கம்" என்று டென்சில் சொன்னார். இராஜமாணிக்கத்தின் விரல் கட்டிலின் கம்பியில் ஒரு முறை தட்டிற்று. ஒரே ஒரு முறை. டென்சில் இரண்டாவதற்காகக் காத்திருந்தார். வரவில்லை.

*

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஈஸ்டரும் கழிந்தபின், ஓடுதளத்திலிருந்து ஓர் ஆள் அழைத்தார். இயந்திரத்தை இத்தனை நாள் ஓட்டாமல் வைத்தால் உள்ளே துருப்பிடிக்கும், வந்து ஒருமுறை முடுக்கிவிட்டுப் போங்கள் என்றார். டென்சில் போனார். கோலை உருவினார். ஆறே கால். அந்த ஞாயிறு உருண்டதில் இன்னும் கொஞ்சம் போயிருக்கிறது. எண்ணெய் டின்னைத் தூக்கினார்; காலி. புது டின் வாங்க அவருக்கு மனம் வந்திருக்கவில்லை.

அந்த ஞாயிறு உருட்டியதை விட்டால், வாழ்நாளில் முதல்முறையாக அவர் மேல்கோட்டுக்குக் கீழிருந்து ஓர் இயந்திரத்தை முடுக்கினார். கீழ்க்கோட்டுக்கு இரண்டேகால் மேலே இருக்கிறது, தரையில்தானே என்று சமாதானம் செய்துகொண்டார். அரை மணி ஓட்டிவிட்டுக் கோலைப் பார்த்தார். ஆறே கால்.

தவறாகத் துடைத்துவிட்டோமோ என்று மறுபடி பார்த்தார். ஆறே கால். இன்னும் அரை மணி ஓட்டினார். கோடு அசையவில்லை. பிறகு ஏறிப் பறந்தார்; ஓடுதளத்துக்கு மேலேயே, எந்த நொடியும் இறங்கக்கூடிய உயரத்தில், ஒரு மணி நேரம் சுற்றினார். இறங்கிக் கோலை உருவினார். ஆறு. மணிக்குக் கால். அவர் விதித்த கால்.

கீழே படுத்து வயிற்றுத் தகட்டை விரலால் தடவினார். விரல் சுத்தமாக இருந்தது. மறுநாளும் வந்து ஒரு மணி நேரம் பறந்தார். ஆறிலிருந்து கோடு ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு இராஜமாணிக்கத்தின் ஸ்டூலில் உட்கார்ந்தார். மாணிக்கம் இருந்தவரை எழுதிய நாற்பத்தொரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் எண் எட்டு. அழகான எட்டு, அவர் கையெழுத்து. எட்டு, ஒரு மணி, ஆறரை. எட்டு, ஒரு மணி, ஆறே முக்கால். எட்டு, ஒரு மணி, ஏழு. ஆறிலிருந்து தொடங்கிய ஒரு பக்கம்கூட இல்லை. இருந்திருந்தால் அந்தப் பக்கமே சொல்லியிருக்கும்: மேலே நிற்கும் இரண்டு குவார்ட்டை உள்ளே சுழலும் தண்டு அடித்து நுரையாக்குகிறது, நுரை பிரீதர் வழியே போகிறது, ஆறுக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. இயந்திரம் பழுதாக இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. இழப்பை அளப்பதற்காக ஊற்றிய எண்ணெயே இழப்பாகப் போயிருக்கிறது. தொழிற்சாலை மேடையில் வேறு வகை இயந்திரங்கள். அவற்றுக்கு அந்த நியதி சரி. இதற்கு மெட்டடோர் வேனின் நியதி.

"நீங்களும் ஒரு வாட்டி ஊத்தாம பாருங்களேன்" என்று சொன்ன ஆள் உட்கார்ந்திருந்த ஸ்டூல் அது. நினைவு வந்ததும் டென்சில் எழுந்துவிட்டார். வேறு எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்.

*

டென்சில் சொன்னதை நோரா முழுவதும் கேட்டுக்கொண்டார். கடைசியில்தான் கேட்டார்:

"அந்தம்மாகிட்ட சொல்லப் போறீங்களா?"

"சொல்லணும் இல்லையா?"

"எதுக்கு? சொன்னா அவரு எழுந்து வருவாரா? உங்க பாரம் எறங்கணும்னா ஃபாதர்கிட்ட போய்ச் சொல்லுங்க. அத அவங்க தலைல ஏத்தாதீங்க. பாவம், இப்பதான் சோறு எறங்குது."

டென்சிலுக்கு அது நியாயமாகவே பட்டது. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கும் போனார். குருவானவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கவனத்தோடு இருந்தது பாவமன்று என்றார். டென்சில் வீட்டுக்கு வந்தார். பாரம் எங்கே வைத்தாரோ அங்கேயே இருந்தது.

மறுவாரம் ஃபில்டரைக் கழற்றி, மண்ணெண்ணெயிலும் பிறகு சோப்பிலும் கழுவி, சின்ன மெத்தையோடு சேர்த்து ஹெப்பகோடிக்கு எடுத்துப் போனார். திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனார். மரகதம் ஃபில்டரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கோணலாகப் பற்றவைத்த இடத்தில் விரலை வைத்தார்.

"இதுல இனிமே காபியா போடறது? கெரசின் வாசன அடிக்கும்" என்றார். சிரித்த மாதிரியும் இருந்தது. "ஏன் கழட்டிட்டீங்க? வேணாமா?"

"வேண்டியதில்லம்மா."

"சரியாயிடுச்சா?"

பொய் சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். டென்சிலுக்கு அது வரவில்லை.

"எப்பவுமே சரியாத்தான் இருந்துச்சி. நான்தான் அதிகமா ஊத்தினேன். அதிகமா ஊத்தினதத்தான் அது வெளிய தள்ளிச்சி. மாணிக்கம் சொன்னாரு. நான் கேக்கல."

மரகதம் மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அந்த ஞாயித்துக்கிழம... மேல போயிருக்கலாம்?"

"போயிருக்கலாம்மா."

"பன்னெண்டு நிமிஷம்."

"ஆமா."

மரகதம் ஃபில்டரை அலமாரியில் வைத்தார். மெத்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளிருந்து தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. நிற்காமல் ஓடிற்று, துணி திரும்பும் இடத்தில்கூட நிற்காமல். துணி இல்லாமலேயே ஓடுகிறதோ என்று டென்சிலுக்குத் தோன்றிற்று. ஏறக்குறைய இருபது நிமிடம் கூடத்தில் நின்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் புறப்பட்டார்.

ஆடி பிறந்தபின் ஒரு காலையில் மரகதம் தொலைபேசியில் வந்தார்.

"அந்த வண்டி பறக்குதா?"

"நிறுத்தி வெச்சிருக்கேன்மா. மனசு வரல."

"உங்க மனசு வரலன்னா? பதினோரு வருஷம் அவரு கைய ஒடச்சிட்டுக் கட்டினது. எனக்கு ஒரு லீவு நாளு, ஒரு தீபாவளி ஒழுங்கா இருந்ததில்ல அந்தக் கொட்டகையால. அது சும்மா நின்னு துருப்புடிக்கவா?" குரலில் கோபம்தான். டென்சில் அந்தக் கோபத்துக்கு நன்றியுள்ளவராக இருந்தார். "ஞாயித்துக்கிழம வரேன். ஓட்டிக் காட்டுங்க."

*

பஸ்ஸில் வந்து, தார்ச்சாலையிலிருந்து நடந்தே வந்தார். நோராவும் வந்திருந்தார், பெண்கள் இருவரும் கொட்டகை வாசலில் நின்றார்கள். டென்சில் வலப்பக்கக் கதவைத் திறந்து பிடித்தார்.

"நான் ஏறமாட்டேன்" என்றார் மரகதம். "அது என் சீட்டு இல்ல. அந்த அளவு எனக்கில்ல. நீங்க போயிட்டு வாங்க, நான் இங்க நிக்கறேன்."

டென்சில் ஏறினார். வலப்பக்க இருக்கை காலியாக இருந்தது. ஓடுதளத்தின் கோடியில் திரும்பி நின்றபோது, பழக்கமாக ஒரு கணம் காது கொடுத்தார். இயந்திரத்தின் இரைச்சல் மட்டும்தான். கைப்பிடியைத் தள்ளினார்.

மேலிருந்து பார்க்கையில் கொட்டகை வாசலில் இரண்டு சேலை தெரிந்தன. ஒன்று நகர்ந்து நகர்ந்து, விமானம் போகும் பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருந்தது. ஹெப்பகோடிப் பக்கம் கண் ஓட்டினார். கட்டடக் கூட்டத்துக்குள் அந்தத் தகரக் கொட்டகை எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மாணிக்கமாக இருந்தால் கண்டுபிடித்திருப்பார். "அதோ சார், நம்ம தகரம்" என்று உடனே சொல்லியிருப்பார். பன்னிரண்டு நிமிடத்தில் இறங்கினார்.

மரகதம் பக்கத்தில் வந்தார்.

"எங்க பாப்பீங்க? அந்தக் குச்சி?"

டென்சில் மூடியைத் திறந்து காட்டினார். மரகதம் தாமே கோலை உருவினார். தொங்கிக்கொண்டிருந்த துணியால் துடைத்தார். அது இராஜமாணிக்கத்தின் பழைய பனியன், அவருக்குத் தெரிந்திருக்கும். மறுபடி விட்டு எடுத்து, வெயிலுக்கு நேராகப் பிடித்தார். மேல்கோட்டுக்கு இரண்டு கோடு கீழே, டென்சில் அரத்தால் புதிதாகக் கீறிய கோட்டில் எண்ணெய் நின்றிருந்தது.

"கெளம்பறப்ப எங்க இருந்துச்சி?"

"அங்கதாம்மா."

"ஒரு சொட்டும் போவல."

டென்சில் தலையசைத்தார். அந்தக் குரலில் மன்னிப்பும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. கோடு எங்கே இருந்ததோ அதை மட்டும் அது சொன்னது. மரகதத்தின் விரலில் எண்ணெய் படிந்திருந்தது. கோலைத் திரும்ப எந்தப் பக்கமாகச் செருகுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். டென்சிலும் அதை வாங்கக் கை நீட்டவில்லை.